மகா எலியவும் பேக்கர் நீர்வீழ்ச்சியும்

விடியுமுன்னரே நுவரெலியாவை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மஞ்சு எழுந்து மேட்டுநிலம் முழுவதையும் மூடிவிடும் என்பது அவ்வழி அறிந்தோர் கூறும் எச்சரிக்கை. அம்பேவளையின் மேய்ச்சல் தரைகளைக் கடந்தால் பட்டிப்பொலை வரும். இலங்கையிலே மிக உயர்ந்த இடத்தில் அமைந்த புகையிரத நிலையம் அதுவே. அங்கிருந்து சாலை காட்டினுள் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு கணத்தில் காடு விலகுகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி விரிகிறது. மாசி மாதமாயின் அப்புல்லின் நுனியிலே உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கும். அந்த வெண்மையின் நடுவே மரைகள் தலை நிமிர்த்தி நின்று வந்தவரைப் பார்க்கும். தமிழ்நாட்டு நேயர்கள் கடமான் என்று கூறும் விலங்கையே நாம் மரை என்கிறோம்.

இதுவே ஹோர்ட்டன் சமவெளி. சமவெளி என்னும் பெயரைக் கேட்டுத் தாழ்நிலம் என மயங்கிவிடலாகாது. கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயர் சிகரங்களாகிய கிரிகல்பொத்தையும் தொட்டுபொலகந்தையும் காவல் நிற்க, 3,160 ஹெக்டேயர் பரப்பில் அமைந்த தேசியப் பூங்கா இது. இதன் நடுவே ஓடும் பெலிகுல் ஓயா, ஓரிடத்தில் கரும்பாறை மீது ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கிறது. அதற்குப் பேக்கர் நீர்வீழ்ச்சி என்று பெயர்.

ஒருமுறை அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் சிலரோடு அங்கே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உலக முடிவு எனப்படும் பெரும் பாதாளத்தைக் கண்டு, காட்டு வழியே நடந்து, செங்குத்தான படிகளில் ஒருவர் கையை ஒருவர் பற்றி இறங்கி அருவியின் முன் நின்றோம். பாறையின் அகலம் முழுவதும் நீர் விசிறி போல விரிந்து இறங்கிற்று. இரு மருங்கிலும் மரப்பன்னங்கள். மேலே, சிங்களத்தில் 'மகா ரத்மல்' எனப்படும் செம்பூ மரங்கள். பிள்ளைகள் சிறிது நேரம் பேச்சற்று நின்றார்கள். பின்பு அவர்களுள் ஒரு சிறுமி பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சேர், இந்தப் பேக்கர் யாரு? பேக்கரி வச்சிருந்தவரா?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை. யார் அந்தப் பேக்கர்? அவர் பெயர் இங்கே ஏன் நிற்கிறது? அவர் வருமுன் இவ்வருவி இல்லையா? அவர் போனபின் இதனைக் காத்தவர் யார்? இன்றைய பேச்சு அச்சிறுமிக்கு நான் கூறக் கடமைப்பட்ட விடை.

சர் சாமுவேல் பேக்கர் 1821இல் இலண்டனில் பிறந்த செல்வக் குடும்பத்தவர். வேட்டைப் பித்தர். யானை வேட்டையை நாடியே அவர் இலங்கைக்கு வந்தார். வந்த இடத்தில் காட்டுக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. உடல் தேறுவதற்காக நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் குளிரும் காற்றும் அவரை மயக்கிவிட்டன. இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைத்துவிடலாம் என்று எண்ணி, 1848இல் தம் சகோதரரோடும் குடியேறிகள் சிலரோடும் உயர் சாதி மாடுகள், வேட்டை நாய்கள், கலப்பைகள் முதலியவற்றைக் கப்பலேற்றிக் கொண்டு வந்து சேர்ந்தார். மலைச்சாலையில் அவருடைய வண்டி பள்ளத்தில் உருண்டு நொறுங்கியது. பண்ணையும் எடுத்த எடுப்பிலே செழித்துவிடவில்லை. மனிதர் மட்டும் தளரவில்லை.

அவருடைய மரை வேட்டை தனி முறையானது. மலைநாட்டில் அவர் துப்பாக்கியை அதிகம் நாடவில்லை. நாய்களை ஏவி மரையைத் துரத்தச் செய்வார். கையிலே ஒரு வேட்டைக் கத்தி மாத்திரமே இருக்கும். துரத்தப்பட்ட மரை என்ன செய்யும்? நீரை நோக்கி ஓடும். ஆற்று மடுவில் இறங்கி, பாறைக்கு முதுகு கொடுத்து, கொம்பைத் தாழ்த்தி நாய்களை எதிர்த்து நிற்கும். அவர் எழுதிய வேட்டைக் கதைகளுள் பல இவ்வாறு ஆற்று நடுவில்தான் முடிகின்றன. மலைநாட்டின் ஓடைகளையும் மடுக்களையும் அவர் அத்துணை நன்றாக அறிந்திருந்தமைக்குக் காரணம், உயிருக்கு ஓடிய மரைகளே அவருக்கு வழி காட்டியமை என்று சொன்னால் அது மிகையன்று.

1855இல் அவர் இலங்கையை விட்டகன்றார். இங்கு வாழ்ந்த காலத்தைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். வேட்டையைப் பெருமையோடு பாடும் அந்நூல்களிலேயே, பாழடைந்து கிடந்த பண்டைக் குளங்களைக் கண்டு அவற்றைக் கட்டிய மக்களை வியந்தும் எழுதியிருக்கிறார் என்பதை நடுவுநிலைமைக்காகச் சொல்லவேண்டும். பின்பு ஆபிரிக்காவுக்குச் சென்று நைல் நதியின் மூலத்தைத் தேடினார். 1864இல் அங்கு ஒரு பேரேரியைக் கண்டு, விக்டோரியா மகாராணியின் காலஞ்சென்ற கணவர் அல்பேர்ட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். நைல் நதி வீழும் ஒரு மாபெரும் அருவிக்கு, இலண்டன் புவியியற் சங்கத்தின் தலைவராய் இருந்த மேர்ச்சிசன் என்பவரின் பெயரை இட்டார். அவ்வருவியை மேர்ச்சிசன் ஒருநாளும் கண்டவரல்லர். ஊர் ஊராகச் சென்று பிறர் பெயரைச் சூட்டிய மனிதரின் பெயர், அவர் விட்டுச் சென்ற மலையில் ஒரு சிறிய அருவியின் மேல் தங்கிவிட்டது.

அருவிக்கு மாத்திரமா இந்தக் கதி? சமவெளிக்கே அதுதான் கதி. 1834இல் பிஷர், வாட்சன் என்னும் இரண்டு பிரித்தானியப் படை அதிகாரிகள் வேட்டைக்குச் சென்றபோது இம்மேட்டுநிலத்தைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று ஏடுகள் கூறும். அப்போது தேசாதிபதியாய் இருந்தவர் சர் ரொபர்ட் வில்மொட் ஹோர்ட்டன். 1831 முதல் 1837 வரை ஆண்டவர். அவர் பெயர் நிலத்துக்கு ஆயிற்று. ஆனால் அதற்குமுன் சிங்கள மக்கள் இவ்விடத்தை மகா எலிய தென்ன என்று அழைத்து வந்தார்கள். பெயர் உள்ள ஓரிடத்தை ஒருவர் எவ்வாறு கண்டுபிடிப்பது? அந்நாளைய அகராதியில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு போலும். இச்சதுப்பு நிலத்தின் அடியிலே புதையுண்டு கிடக்கும் மகரந்தத் துகள்களை ஆராய்ந்த அறிஞர்கள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் இங்கே தீயிட்டு நிலம் திருத்தி, வாற்கோதுமை இனத்துத் தானியங்களைப் பேணியிருக்கக் கூடும் என்று கருதுகின்றனர். இம்முடிவு இன்னும் விவாதத்துக்கு உரியதே. ஆனால் பிஷருக்கும் வாட்சனுக்கும் நெடுங்காலம் முன்பே இங்கு மனிதர் காலடி பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

மனிதர் காலடியோடு யானையின் காலடியும் இருந்தது. இன்று மகா எலியவில் ஒரு யானையையும் காண முடியாது. பேக்கருக்குச் சற்று முந்திய காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்பவர் இருந்தார். அவர் ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் எனச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அக்கல்லறை மீதும் இடி விழுந்ததென்று ஊரார் கதை சொல்வார்கள். அதை நம்புவதும் விடுவதும் நேயர்களின் விருப்பம். கதை பிறந்த காரணம் மட்டும் எனக்கு நன்கு விளங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் இம்மேட்டுநிலத்து யானை இனம் அற்றுப்போயிற்று.

யானை போயிற்று, காடும் போயிருக்க வேண்டும். அது போகாது நின்றதே இவ்வரலாற்றின் மையம்.

1840ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று விதித்தது. அந்நிலங்கள் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் துரைமாருக்கு விற்கப்பட்டன. மலைக்கு மலை காடு எரிந்தது. எரிந்த சாம்பலில் கோப்பிக் கன்றுகள் எழுந்தன. காட்டை வெட்டிச் சாய்த்தவர்களுள் கூலிக்கு வந்த சிங்களக் கிராமத்தவர் பலர். அதன்பின் குழி வெட்டி, கன்று நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடக்கு வழியாய்க் காட்டினூடே கால்நடையாய் வந்த நம் முன்னோர். அவர்கள் இம்மலைநாடு முழுவதையும் கண்டிச் சீமை என்றார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்களுக்குக் கல்லறை இல்லை; ஆதலால் அவற்றின் மேல் இடி விழுந்த கதையும் இல்லை.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சண நோய் கண்டது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கி வைத்த தேயிலைப் பயிர் அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பிக்குக் குளிர் அதிகம் ஆகாது. அது மலையின் இடைப்பகுதியோடு நின்றுவிட்ட பயிர். தேயிலையோ உச்சிவரை ஏறும். உயர ஏற ஏற அதன் மணமும் விலையும் ஏறும். தேயிலை வென்ற நாளில் மகா எலியவின் காடு தப்பியிருக்க நியாயமே இல்லை.

தப்பியதற்குக் காரணம் தேயிலைக் காலம் முழுமையாக வருவதற்குச் சற்று முன்னர் எழுந்த ஒரு யோசனை. இலண்டனுக்கு அருகே கியூ தாவரத் தோட்டத்தின் அதிபராய் இருந்தவர் சர் ஜோசப் ஹூக்கர். இமயமலையின் செடிகொடிகளை நடந்து திரிந்து ஆராய்ந்த பேரறிஞர். டார்வினின் நெருங்கிய நண்பர். 1873இல் அவர் இலங்கை அரசாங்கத்துக்கு ஓர் ஆலோசனை கூறினார்: 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டவோ விற்கவோ இடம் கொடாதீர்கள், கொடுத்தால் மழையும் ஆறும் கெடும். அரசாங்கம் அதனை ஏற்றது. ஏற்கெனவே திருத்தப்பட்ட நிலங்கள் அதற்குள் அடங்கவில்லை. நுவரெலியாவே 6,000 அடிக்கு மேலே உள்ள பட்டினம். எஞ்சிய உச்சிக் காடுகளைச் சுற்றி மட்டும் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று விழுந்தது.

அன்று அதிகாரத்தில் இருந்தோர்க்கு வனத்தின் மேல் அன்பு பெருகியதால் இது நடந்ததென்று நான் சொல்லமாட்டேன். மேலே ஊற்று வற்றினால் கீழே தோட்டம் காயும் என்னும் கணக்கே காரணம். கணக்கு சரியான கணக்கு. அதுவரை மலைநாட்டு நிலத்தைப் பற்றிப் போடப்பட்ட கணக்குகளில் அவ்வாறு சரியாய் அமைந்தவை மிகச் சில.

அக்கணக்கின் உட்பொருளை அருவிக்குச் செல்லும் காட்டு வழியில் கண்ணாலே காணலாம். மரங்கள் உயரம் குறைந்து, முறுக்கேறி, குடைபோலத் தலை பரப்பி நிற்கின்றன. கிளைதோறும் பாசி தாடி போலத் தொங்குகிறது. மழை பெய்யாத நாளிலும் மஞ்சு அவ்விலைகளில் மோதி நீராய்த் திரண்டு சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. பாசியும் உக்கிய இலையும் அதை உறிஞ்சி வைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. வெற்றுப் பாறைமேல் பெய்த மழை அன்றைக்கே ஓடிவிடும்; இக்காட்டில் பெய்த மழையோ பல நாள் தங்கிச் செல்லும். பேக்கர் நீர்வீழ்ச்சி வறண்ட மாதங்களிலும் வீழ்ந்துகொண்டிருப்பது இதனாலேயே.

இலங்கையின் மூன்று பெரிய ஆறுகளுக்கு இம்மேட்டுநிலம் தாய்வீடு. கிரிகல்பொத்தைப் பக்கத்து நீர் அக்ரா ஓயாவாகி அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் நடுவே ஓடி, கொத்மலை ஓயாவோடு மகாவலியிற் சேர்கிறது. மேற்கே இறங்கும் நீர் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் வழியே, அட்டனுக்கு அருகேயுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, களனி கங்கையாகக் கொழும்பு மாநகருக்குக் குடிநீர் கொடுக்கிறது. தெற்கே பாய்வது பெலிகுல் ஓயா. அது வளவை கங்கைக்கு உரியது. என்னோடு வந்த பிள்ளைகளின் லயன்களுக்குக் குழாய்வழி இறங்குவதும் மலை ஊற்று நீரே. அந்நீரின் பிறப்பிடத்தை அவர்கள் முதன்முதலாக அன்றுதான் கண்டார்கள். அவர்களுடைய பெற்றோரில் பலர் அதையும் கண்டதில்லை. கொழுந்துக்கூடையோடு அம்மலையை நாள்தோறும் நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு, ஒரு நாட்கூலியை இழந்து, வாகனத்துக்கும் நுழைவுச்சீட்டுக்கும் பணம் கட்டி மேலே சென்று வருவது எளிதான காரியமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்பே எஞ்சியோரும் குடியுரிமை பெற்ற சமூகம் அது.

கொத்மலை ஓயாவைப் பற்றி ஒரு சிறு செய்தி. தலவாக்கலைக்கு அருகே அவ்வாற்றில் சென்கிளேயர் என்னும் அருவி உண்டு. 80 மீற்றர் உயரம். புகையிரதத்திலிருந்தே காணத்தக்க அழகு. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கிய பின், அருவிக்கு மேலே நீர் சுரங்க வழியாகத் திருப்பப்படுகிறது. காட்சி கெடாதிருப்பதற்காகப் பகல்வேளையில் அளவாக நீர் விடப்படுகிறது. மின்சாரம் வேண்டாமென்று யார் சொல்வார்? ஆயினும் திறந்துவிட்டு விழும் அருவியும் தானே விழும் அருவியும் ஒன்றல்ல. பேக்கர் நீர்வீழ்ச்சி தானே விழுவது.

சட்டத்தின் காவல் மெல்ல மெல்லவே வந்தது. 1960களில் புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். உழுத நிலத்தில் பழைய புல் முன்போல் திரும்பவில்லை. 1969இல் மகா எலிய காப்பிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் இன்னொரு நற்செய்தியும் வந்தது. அழிந்துபோயிற்று என்றே பலர் கைவிட்டிருந்த மலைநாட்டுத் தேவாங்கு இக்காட்டில் உயிரோடு இருப்பதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டினர். கைக்குள் அடங்கும் சிறு பிராணி, இரவிலே விழித்திருப்பது. யானையை ஒளிக்க முடியாத காடு இதனை ஒளித்து வைத்திருந்தது.

காவல் வந்தும் காட்டின் நோய் தீரவில்லை. 1970களிலிருந்து இங்கே மரங்கள் கூட்டங் கூட்டமாய்த் தலை கருகி நின்றபடியே மடிகின்றன. மண்ணின் குறைபாடா, வறட்சியா, கீழிருந்து எழும் மாசுற்ற காற்றா என்று ஆய்வாளர் இன்னும் ஆராய்கின்றனர். பிரித்தானியர் தம் ஊர் நினைவுக்குக் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்புதர் புல்வெளியிலே பரவுகிறது. தூண்டில் விளையாட்டுக்கு அவர்கள் விட்ட மீன் ஓடைகளில் வாழ்கிறது. தோமஸ் பார் என்னும் தோட்டத்துரையின் பெயர் தாங்கிய வேட்டை விடுதி இப்போது பார்வையாளர் நிலையமாய் இருக்கிறது. பூங்கா வாயிலில் பைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக் உறைகளை அகற்றிய பின்பே உள்ளே விடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் கொண்டுசென்ற ரொட்டியைச் சுற்றியிருந்த தாள்கூட மாற்றப்பட்டது. அது சரியான கண்டிப்பு என்றே நான் கொள்கிறேன். அருவியிலே நீராட அனுமதியில்லை. பாறை வழுக்கும், மடு ஆழம். பார்ப்பதற்கு அமைதியாய்த் தோன்றும் அந்நீர் உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

செல்ல விரும்புவோர்க்கு: சுற்றுவழி ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர். முதலில் உலக முடிவைக் கண்டு, பின்பு அருவிக்குச் செல்வது நன்று. அருவிக்கு மஞ்சு தடையில்லை. உலக முடிவிலே நிலம் திடீரென்று அறுந்து, 870 மீற்றர் ஆழத்துக்கு ஒரே செங்குத்தாய் இறங்குகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெக்கல், பேராதனைத் தாவரத் தோட்ட அதிபர் திரைமனோடு 1882இல் இங்கு வந்து, இவ்விளிம்பில் நின்று, பின்பு இதன் அடிவாரத்துக்கே இறங்கிச் சென்றார். வானம் தெளிந்த காலைகளில் கீழே தேயிலைத் தோட்டம் ஒன்று பச்சைத் துணி விரித்தாற்போலத் தெரியும். அதற்கும் அப்பால், தென்திசையிலே, ஒரு நீர்ப்பரப்பு மினுங்கும்.

"அது கடலா, சேர்?" என்று அச்சிறுமி கேட்டாள். கடலன்று, உடவளவை நீர்த்தேக்கம். பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுந்த நீர் மலைச்சரிவில் இறங்கி, பெலிகுல் ஓயா ஊரைக் கடந்து, சமனல வாவியில் வளவை கங்கையோடு கலந்து, அங்கே வந்து சேர்கிறது. அந்நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு 1972இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே யானைகள் இருக்கின்றன. மந்தை மந்தையாக மாலையில் கரைக்கு வந்து அந்த நீரைக் குடிக்கின்றன. அதன்பின் ஆறு அம்பாந்தோட்டைச் சீமையின் வயல்களுக்குப் பாய்ந்து, அம்பலாந்தோட்டையருகே கடலை அடைகிறது.